கண் பார்த்தால் கை செய்யும்

'கண் பார்த்தால் கை செய்யும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. தச்சன் மகனும் கொல்லன் மகனும் தொழில் கற்ற முறையை இதைவிடச் சுருக்கமாகக் கூற இயலாது. ஆயினும் இப்பழமொழி ஒன்றைச் சொல்லாமல் விடுகின்றது. கை செய்ய வேண்டுமானால் கண் பார்க்க வேண்டும்; கண் பார்க்க வேண்டுமானால், பார்க்க விடுவார் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாவிடின் ஆர்வமும் அறிவும் வாயிலிலேயே நின்றுவிடும். இவ்வுண்மைக்குத் திருவனந்தபுரம் நகரின் வரலாற்றிலிருந்து சில சான்றுகளை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

1862-ஆம் ஆண்டு, கிளிமானூரிலிருந்து பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தன் மாமனுடன் இந்நகருக்கு வந்தான். மாமன் ராஜராஜ வர்மா தஞ்சாவூர்ப் பாணியில் ஓவியம் தீட்டுவதில் வல்லவர். சிறுவனுக்கு முதலாசிரியரும் அவரே. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ஆயில்யம் திருநாள் மகாராஜா. கலைகளில் ஈடுபாடு மிக்க அம்மன்னர் சிறுவனை ஆதரித்தார். அச்சிறுவனே பிற்காலத்தில் புகழ் பெற்ற ராஜா ரவி வர்மா.

ரவி வர்மாவுக்கு எண்ணெய் வண்ண ஓவியத்தில் நாட்டம் பிறந்தது. அந்நாளில் அது நம் நாட்டுக்குப் புதிய தொழில். அரண்மனை ஓவியரான இராமசாமி நாயுடு அதனை நன்கு அறிந்திருந்தார். எனினும் கற்பிக்க அவர் இசையவில்லை. அவரைக் குறுகிய மனத்தினர் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் தொழில் ஒன்றே வாழ்வுக்குப் பற்றுக்கோடாக இருந்த காலத்தில், அத்தொழிலின் நுட்பமே ஒருவருக்குச் சொத்து என்பதையும் நாம் மறத்தலாகாது.

முடிந்த ஓவியத்தை உற்று நோக்கிக் கற்றுக்கொள்ளக் கூடாதா என்று நேயர்கள் வினவலாம். எண்ணெய் வண்ண ஓவியத்தில் அஃது அரிது. நீரிற் கரைத்த வண்ணம் விரைவில் உலரும். எண்ணெயிற் குழைத்த வண்ணமோ உலர நாட்கள் பல ஆகும். அடிப்பூச்சு, அதன்மேல் நிழலும் ஒளியும், அதன்மேல் மெல்லிய பூச்சு என அடுக்கடுக்காக வேலை வளரும். அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். மாறினால் படம் நாளடைவில் வெடித்துவிடும். முடிந்த படத்தில் இவ்வரிசை எதுவும் கண்ணுக்குப் புலப்படாது. தீட்டும்போது அருகில் நின்றவனே அதனை அறிவான்.

1868-ஆம் ஆண்டு தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், மன்னரின் உருவப்படத்தைத் தீட்ட வந்தார். அவரும் கற்பிக்க முன்வரவில்லை. ஆனால் தாம் தீட்டுவதை ரவி வர்மா அருகிலிருந்து காணலாம் என்று இசைந்தார். இதனிடையே, இராமசாமி நாயுடுவிடம் பயின்றுவந்த ஆறுமுகம் பிள்ளை என்பவர், தம் ஆசிரியர் அறியாமல் ரவி வர்மாவுக்கு எண்ணெய் வண்ணத்தின் நுட்பங்களைக் கூறி உதவினார் என்று ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் குறிக்கின்றன. 1873-ஆம் ஆண்டு சென்னை ஓவியக் கண்காட்சியில் ரவி வர்மா ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றார். அவ்வாண்டே வியன்னா நகரக் கண்காட்சியிலும் பரிசு பெற்றார். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அவ்வச்சகத்தில் உருவான இலட்சுமியும் சரசுவதியும் எத்தனையோ வீடுகளின் பூசையறையை அடைந்தனர். அப்புகழுக்குப் பின்னால் ஆறுமுகம் பிள்ளையின் பங்கும் உண்டென்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

தொழில் கற்கும் முறை பற்றி ஆராய்ந்த அறிஞர்கள் இக்காலத்தில் இதனையே வேறு சொற்களால் கூறுகின்றனர். ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்னும் இருவரும் 1991-இல் வெளியிட்ட நூலில் லைபீரிய நாட்டுத் தையற்காரரைப் பற்றிய ஆய்வு ஒன்று விளக்கப்படுகின்றது. அங்கே புதிதாகச் சேர்ந்த பையன் முதலில் பொத்தான் தைப்பான், ஓரம் மடிப்பான். பின்னர்த் தைப்பான். துணி வெட்டுவதோ இறுதியில். பொத்தான் தவறினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு தவறினால் துணியே பாழாகும் அன்றோ? ஓரத்தில் அமர்ந்து சிறு வேலை செய்துகொண்டே, நடுவில் நடக்கும் பெரிய வேலையை அவன் கண்டுகொண்டிருக்கிறான்.

அதே நூலில் அமெரிக்க இறைச்சிக் கடை ஒன்றின் செய்தியும் உண்டு. பயிற்சிக்கு வந்த இளைஞர்களைப் பொட்டலம் கட்டும் இடத்தில் நிறுத்தினர். தேர்ந்தவர்கள் வெட்டும் இடம் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. பெயர் பயிற்சி, ஆனால் கற்றது பொட்டலம் கட்டுவதே. ஓவியக் கூடத்தின் வாயிலிற் காத்திருந்த ரவி வர்மாவின் நிலையும் இவ்விளைஞரின் நிலையும் ஒன்றே எனலாம்.

மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டுள்ள நமக்கு இவ்விடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. 'அப்பிரண்டிஸ்' என்பதைத் தமிழில் 'தொழிற்பழகுநர்' என்று வழங்குகிறோம். கற்பவர் என்னாது பழகுபவர் என்றது எத்துணைப் பொருத்தம்! நூலைத் தனித்திருந்தும் கற்கலாம். பழகுவதற்கோ மற்றொரு மனிதர் வேண்டும். திருவனந்தபுரத்துப் பட்டறைகளில் மூத்த தொழிலாளியை 'ஆசான்' என்றே அழைப்பதும் கருதத்தக்கது.

தனி மனிதரின் மனத்தைப் பொறுத்திருந்த இவ்வாயிலைப் பொதுவாகத் திறந்துவைக்கும் முயற்சியாக 1888-இல், ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில், இந்நகரில் ஓவியப் பள்ளி நிறுவப்பட்டது. அங்கே தந்தச் செதுக்கு வேலையும் பாடமாயிற்று. திருவிதாங்கூர்த் தந்த வேலையின் சிறப்பை உலகம் முன்னரே அறியும். விக்டோரியா மகாராணிக்குத் திருவிதாங்கூர் மன்னர் அளித்த தந்த அரியணை, 1851-இல் இலண்டன் மாபெரும் கண்காட்சியில் வைக்கப்பட்டது. குடும்பத்துக்குள் வழிவழி வந்த கை நுட்பம் பள்ளிக்கூடத்திற்கு வந்தது பெரிய மாறுதலே. அப்பள்ளி 1975-இல் நுண்கலைக் கல்லூரியாக உயர்ந்து இன்றும் நடைபெறுகின்றது.

தந்த வேலையோ நின்றுவிட்டது. யானைகளைக் காக்கும் பொருட்டு 1986-இலும் 1991-இலும் செய்யப்பட்ட சட்டத் திருத்தங்களால் தந்த வாணிகம் நம் நாட்டில் அறவே தடுக்கப்பட்டது. செதுக்கு வேலையர் பலர் சந்தனத்துக்கும் பிற மரங்களுக்கும் மாறினர். பொருள் போயினும் கை போகவில்லை. ஒரு தொழிலை ஆழப் பழகியவர் மற்றொன்றுக்கு மாற முடியும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பள்ளி திறந்தது, ஆயினும் எல்லா வாயில்களும் எல்லாருக்கும் திறந்துவிடவில்லை. திருவனந்தபுரம் பேட்டையில் 1863-இல் பிறந்த பத்மநாபன் பல்பு, மருத்துவராக விரும்பினார். ஈழவ சமூகத்தில் பிறந்த காரணத்தால் அவருக்குத் திருவிதாங்கூரில் மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டது. சென்னை சென்று மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். அப்போதும் சொந்த நாட்டில் அரசுப் பணி கிடைக்கவில்லை. மைசூர் அரசு அவரை ஏற்றது. பெங்களூரில் கொள்ளைநோய் பரவியபோது அவர் ஆற்றிய தொண்டு யாவரும் அறிந்தது. 1896-இல் அவர் தலைமையில் 13,176 பேர் கையெழுத்திட்டு, கல்வியிலும் பணியிலும் இடம் வேண்டித் திருவிதாங்கூர் அரசுக்கு விண்ணப்பம் அளித்தனர்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908-இல் தொழில் வழிகாட்டி நிலையம் தொடங்கிய பிராங்க் பார்சன்ஸ், தொழிலைத் தேர்வதற்கு மூன்று வேண்டும் என்றார்: தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்க்கும் தெளிவு. இம்மூன்றும் பல்புவிடம் இருந்தன. இல்லாதது நான்காவது ஒன்று. அதுவே திறந்த வாயில்.

இனி, கடற்கரைப் பக்கம் திரும்புவோம். தும்பாவில் 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட் விண்ணில் ஏவப்பட்டது. புனித மரிய மகதலேனாள் ஆலயமே அந்நாளில் பணிமனை. அமெரிக்காவிற் பயிற்சி பெற்றுத் திரும்பிய இளம் பொறியாளர்களுள் இராமேசுவரத்து அப்துல் கலாமும் ஒருவர். ராக்கெட்டின் பாகங்களைப் பொருத்தும் பொறுப்பு அவருடையது. ஏவுதளத்திற்குக் கொண்டு சென்றபோது பளுதூக்கியில் கோளாறு நேர்ந்தது. அனைவருமாகச் சேர்ந்து கையாலேயே ராக்கெட்டைத் தூக்கி நிறுத்தினர். அங்கே பொறியாளர் வேறு, உதவியாளர் வேறு என்று ஒதுங்கி நிற்க இடமில்லை. வேலை எல்லாருடைய கண்ணெதிரிலும் நடந்தது. நான்கே ஆண்டுகளில், 1967-இல், இந்நாட்டிலேயே செய்த ரோகிணி ராக்கெட் அதே கரையிலிருந்து எழுந்தது. 2007-இல் விண்வெளி அறிவியலுக்கெனத் தனி உயர்கல்வி நிறுவனமும் இந்நகரில் தோன்றிற்று. அரண்மனையில் தொழில் பள்ளியைத் தேடிச் சென்றது. தும்பாவிலோ பணியிடமே பள்ளியாகிப் பின்னர்ப் பள்ளியைப் பெற்றெடுத்தது.

நாடு விடுதலையடைந்த பின் 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டமும் தொழிற்பயிற்சி நிலையங்களும் தோன்றின. 1961-இல் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. குறித்த தொழில்களில் ஈடுபட்ட நிறுவனங்கள் பழகுநரைச் சேர்த்துக்கொள்வது விருப்பமன்று, கடமை என்றது அச்சட்டம். ஆசானின் மனத்தை மட்டுமே நம்பியிருந்த வாயிலுக்குச் சட்டம் ஒரு சாவி செய்து கொடுத்தது.

ஆனால் சட்டம் பழகுநரை உள்ளே அனுப்பலாம்; அவர் எங்கே நிற்பது என்பதைப் பட்டறைதான் முடிவு செய்கிறது. பொட்டலம் கட்டும் மூலையில் நிறுத்துவதும், வேலை நடக்கும் இடத்தருகே நிறுத்துவதும் மேலுள்ளவர் கையில் இருக்கின்றன. ஆகவே, எத்தொழிலைத் தேர்வது என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும்போது, சம்பளத்தையும் பட்டத்தையும் மட்டும் எண்ணிப் பாராது, அங்கே அருகில் நின்று பார்க்க விடுவார் உளரா என்றும் விசாரிக்கச் சொல்வோம். தொழில் கற்றுத் தேர்ந்த நாமோ, நம் மேசையருகே வந்து நிற்கும் இளைஞருக்கு ஆறுமுகம் பிள்ளையாக இருக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். ஆறுமுகம் பிள்ளை மறைவில் செய்த உதவியை நாம் வெளிப்படையாகவே செய்யலாம். இன்று அதற்குத் தடையில்லை.