அம்மைத் தழும்பும் மலடிப் பட்டமும்

டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஏழூர் முத்தாலம்மன் திருவிழா என்றால் பிழைக்கப் போனவர்கள்கூட ஊர் திரும்பிவிடுவார்கள். முத்தாலம்மன், மாரியம்மன் எல்லாம் அம்மையோடு சேர்த்துக் கும்பிடப்பட்ட தெய்வங்கள். ஒரு வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், தாளிப்பு நின்றுபோகும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்நியர் உள்ளே வர முடியாது.

பெரியம்மையில் தப்பியவரை முகத்தை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். கண் போனவர்களும் உண்டு. ஆணின் உடம்புக்குள் அது விட்டுப்போன தழும்பைத்தான் யாரும் பார்க்கவில்லை.

சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் ஏறக்குறைய 7,000 பெரியம்மை நோயாளிகளை ஆராய்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ், 1972-இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். ஆனால் சில வாரம் கட்டிலில் கிடந்து எழுந்து போனவனுக்குப் பிள்ளை பிறந்ததா என்பது பத்து வருஷம் கழித்து வரும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது பம்பாய். பிள்ளையில்லை என்று வந்த ஆண்களில் அம்மைத் தழும்பு உள்ளவர்களை ஃபட்கே என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1973-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது இது: விரையில் விந்தணு உற்பத்தி நடக்கிறது. அது முதிர்ந்து வெளியேறும் சுருள் குழாய் அடைபட்டிருக்கிறது. விந்து வரும், அதில் அணு இருக்காது.

விபரீதம் இங்கேதான். ஆண்மைக்கான சுரப்பு நேராக ரத்தத்தில் கலப்பதால் மீசைக்கும் குரலுக்கும் தாம்பத்தியத்துக்கும் குறைவில்லை. அவன்மேல் யார் சந்தேகப்படுவார்கள்? அரசமரம் சுற்றியதும் மண்சோறு சாப்பிட்டதும் மனைவி. பிறகு இரண்டாம் தாரம். அவளும் உண்டாகாவிட்டால் நாகதோஷம். முகத்துத் தழும்பு எதிரிலேயே இருந்தும் பழி பெண் பக்கமே போனது.

பொன்னுக்கு வீங்கி இன்னொரு கதை. கன்னம் வீங்கிய பையனுக்குக் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவார்கள். சிறுவனுக்குப் பெரும்பாலும் அதோடு சரி. பருவம் எய்தியவர்களிலோ நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு விரையும் வீங்கலாம். ஹிப்போகிரட்டீஸ் காலத்துக் கிரேக்கர்களே இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்கும் என்பதால் அடியோடு மலடாவது அபூர்வம். சுருங்கிப்போன விரையோடு வாழ்பவர்கள் உண்டு.

பெரியம்மை 1975-இல் இந்தியாவைவிட்டுப் போனது. பொன்னுக்கு வீங்கிக்கு 1967-லேயே அமெரிக்காவில் தடுப்பூசி வந்துவிட்டது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரசு போட்ட ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டுமே. பொன்னுக்கு வீங்கி அதில் சேரவில்லை.