பெருவெளி: கட்டாமல் விட்டதன் வரலாறு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் சிப்காட்டைத் தாண்டும்போது என் கை தானாக ஜன்னலைச் சாத்தப் போகும். 1980களில் உப்பனாற்றங்கரையில், குடிகாடு, ஈச்சங்காடு ஊர்களை ஒட்டி இந்தத் தொழிற்பேட்டை வந்தது. அதற்கு முன்பே நெய்வேலியில் நிலக்கரிக்காக ஊர்கள் காலி செய்யப்பட்டிருந்தன. ‘சும்மா கெடக்குற நெலந்தானே’ என்பது இந்த மாவட்டத்தில் அதிகாரம் திரும்பத் திரும்பப் பேசும் வசனம். மேய்ச்சல், விறகு, திருவிழா, ஊர்க்கூட்டம் எதுவும் அதன் கணக்கில் பயன்பாடு ஆகாது. அதே வசனம் வடலூர்ப் பெருவெளிக்கும் வந்து சேர்ந்ததைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

1867 மே 23இல் இராமலிங்கர் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். 1872 தைப்பூசத்தில் சத்திய ஞான சபை திறக்கப்பட்டது. இவற்றுக்கென நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரம் ஊர்க்காரர்கள். சுமார் 80 காணி, அதாவது 106 ஏக்கர். ராஜா கொடுத்த மானியமில்லை. உழுது பிழைத்தவர்கள் விட்டுக்கொடுத்த மண். இந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் உத்தர ஞான சிதம்பரம். தில்லையில் மதில், கோபுரம், பிராகாரம். இங்கே ஓர் எண்கோணச் சபை, சுற்றிலும் வெட்டவெளி. தைப்பூசத்தன்று ஏழு திரை விலக்கி ஜோதி காட்டும்போது லட்சக்கணக்கான சனம் நிற்பது அந்த வெளியில்தான்.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. சபைக்குள் நுழைய நிபந்தனை உண்டு: புலை, கொலை தவிர்த்தவர்களே உள்ளே போகலாம். கறி தின்னும் சாதிகளைச் சேர்ந்த நம்மில் பலருக்கு இது உறுத்தத்தான் செய்யும். ஆனால் தருமச்சாலையில் பசிதான் தகுதி. என்ன தின்கிறாய் என்று அங்கே கேட்பதில்லை. பெருவெளியிலும் கேட்பதில்லை. அந்த வகையில் சபையைவிடச் சனநாயகமானது அதன் வெளி என்பேன். விலக்கப்பட்டவரும் நின்று ஜோதி பார்க்க முடிந்தது அது காலியாக இருந்ததால்தான்.

இந்த இடத்தை ‘மீட்டெடுக்கும்’ முயற்சி அண்மைக் காலத்தில் இரண்டு முறை நடந்தது. பிற்காலத்தில் சபைக்குள் புகுந்துவிட்ட லிங்க வழிபாட்டை நிறுத்தச் சொல்லி 2006இல் அறநிலையத்துறை உத்தரவிட்டது. 2010இல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அது, வந்து ஒட்டியதை அகற்றிய மீட்பு. அடுத்தது 2024 பிப்ரவரியில். சுமார் 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்டப் பெருவெளியிலேயே அடிக்கல் நாட்டப்பட்டது. ஏப்ரலில் பார்வதிபுரம் மக்கள் தோண்டிய குழிகளில் இறங்கி நின்று மறித்தார்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது.

மையம் வேண்டாமென்று அவர்கள் சொல்லவில்லை. வேற எடத்துல கட்டிக்குங்க என்றுதான் கேட்டார்கள். இதைப் பக்தர்களின் பிடிவாதம் என்று முற்போக்காளர்கள் ஒதுக்கிவிட முடியாது. கொடுத்தவர்களின் வாரிசுகள், எதற்காகக் கொடுத்தோம் என்பதை நினைவூட்டினார்கள். சிப்காட்டுக்குப் போன மண்ணுக்கு விலையாவது பேசினார்கள். இதற்கு விலையே கிடையாது, தானம். நூலகத்தையும் மருத்துவமனையையும் எங்கும் கட்டலாம். தைப்பூச இரவில் ஒரு மாவட்டமே சாதி கேட்காமல் தோளுரசி நிற்கும் வெற்றிடத்தை எந்த ஒப்பந்தக்காரரும் கட்டித்தர முடியாது. பெருவெளியை மீட்பதென்றால் ஆக்கிரமித்தவர்களை வெளியேற்ற வேண்டும், தோண்டிய குழியை மூட வேண்டும். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அரசாங்கங்களுக்கு அதுதான் வரமாட்டேன் என்கிறது.