ஆள்கடத்தலில் இருந்து மீண்டோர் இல்லம்: கண்டிச் சூழலில் வடிவமைப்பு

ஆள்கடத்தலில் சிக்கி மீண்டவர்கள் உடலும் மனமும் தேறி, பிழைப்புக்கு வழி தேடும்வரை தங்கும் உறைவிடமே மீண்டோர் இல்லம். இலங்கை 2006இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி ஆள்கடத்தலைத் தனிக் குற்றமாக்கியது; மீண்டோருக்குத் தகுந்த உறைவிடம் பற்றிப் பேசும், ஆள்கடத்தலுக்கு எதிரான ஐ.நா.வின் பலேர்மோ நெறிமுறையை 2015இல் ஏற்றது.

வடிவமைப்பின் முதற்சிக்கல் பூட்டு. உயர்ந்த மதிலும் கம்பி யன்னலும் அடைபட்டிருந்த நாட்களையே நினைவூட்டும். அறைக்கதவை உள்ளிருந்து பூட்டும் உரிமை தங்குபவருக்கே வேண்டும். நீண்ட படுக்கைக்கூடத்தைவிடச் சிறிய அறைகளும், தாமே சமைக்கக்கூடிய குசினியும் நல்லவை. கண்டியின் சரிவான காணிகளில் பெருங்கட்டடத்தைவிடப் படிப்படியாக இறங்கும் சிறு வீடுகள் பொருந்தும். மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி அவசியம். முகவரி மறைவாக இருக்க வேண்டும், ஆனால் நீதிமன்றமும் வைத்தியசாலையும் எட்டும் தொலைவில். தோட்டப்பகுதிப் பெண்களும் வருவதால் தமிழ் பேசும் பணியாளர் இல்லாத இல்லம் பாதி இல்லமே.