வரலாற்றுப் புதின அட்டைப்படம்
கடந்த காலத்தைக் களமாகக் கொண்ட புதினத்தின் மேலட்டைக்கு ஒளிப்படம் எடுத்து வடிவமைக்கும் கலை. இங்கிலாந்து, அமெரிக்கப் பதிப்புலகில் இது தனித் துறையாக வளர்ந்தது. 2001இல் வெளிவந்த பிலிப்பா கிரகரியின் ‘தி அதர் போலின் கேர்ள்’ நாவலுக்குப் பின், இங்கிலாந்தின் டியூடர் அரசர் காலக் கவுன் அணிந்த, முகம் தெரியாத பெண்ணுருவம் அட்டைகளெங்கும் பரவியது. முகத்தை வெட்டினால் கதைத்தலைவியை வாசகரே கற்பனை செய்துகொள்ளலாம். திருத்திய புருவம் போன்ற இக்கால அடையாளங்களும் மறையும்.

காலப் பொருத்தமே மிகக் கடினமான பகுதி. ஆடையில் கயிறு கோக்கும் துளைகளுக்கான உலோக வளையங்கள் 19ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தன. 16ஆம் நூற்றாண்டு உடையில் அவை தென்பட்டால் விவரமறிந்த வாசகருக்குப் புத்தகத்தின் மீதே நம்பிக்கை போய்விடும். ஆடைக் கலைஞரின் உழைப்பு இங்கேதான் மதிப்புப் பெறுகிறது.

வெற்றுத் திரையின் முன், சன்னல் வெளிச்சம்போல் ஒரு பக்கமிருந்து விழும் மென்னொளியில் மாடலைப் படமெடுப்பது வழக்கம். தலைப்புக்காகப் படத்தின் மேற்பகுதியில் இடம் விடுவார்கள். கோட்டையும் வானமும் பிறகு கணினியில் சேரும். செலவைக் குறைக்க டிரெவில்லியன் போன்ற பட முகமைகளிடம் உரிமம் பெறுவதுமுண்டு. அதனால் ஒரே பெண் இரு நாவல்களின் அட்டையில் தோன்ற நேர்கிறது.

தமிழில் ஒளிப்படத்தைவிட ஓவியமே கோலோச்சியது. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் தீட்டிய உருவங்களே பல தலைமுறைகளுக்கு அக்கதையின் வந்தியத்தேவனும் நந்தினியும்.