விதவையின் மனுவில் ஒரு படைவீரன்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வடபுலத்து ராணுவத்தில் சேர்ந்து போரிட்ட கறுப்பின வீரர்கள் ஏறத்தாழ 1,79,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இன்று முன்னோரைத் தேடிப் பின்னோக்கிப் போனால், 1870ஆம் ஆண்டோடு தடம் அறுந்துபோகிறது.

தென் மாநிலங்களில் அடிமைகளாக இருந்த அனைவரையும் பெயர் சொல்லிப் பதிவுசெய்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டில்தான் நடந்தது. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை வைத்திருந்தார்கள். எஜமானரின் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே வரிசையாக வயது, பால், நிறம். பட்டியில் மாடுகளை எண்ணுவதுபோல எண்ணியிருக்கிறார்கள். 25 வயது ஆண் என்று ஒரு வரி இருந்தால், அவர் யார், யாருக்குப் பிள்ளை, மனைவி எந்தப் பண்ணையில் இருந்தாள் என்று அந்தத் தாளிலிருந்து ஒருவராலும் சொல்ல முடியாது.

படைப்பிரிவு ஆவணங்கள் கொஞ்சம் உதவும். 1863 மே மாதம் கறுப்பினப் படைகளுக்கென்று ராணுவத்தில் தனி அலுவலகம் ஏற்பட்டது. அதன்பின் சேர்ந்தவர்களுக்குப் பெயர், வயது, உயரம், பிறந்த இடம், சேர்ந்த நாள் ஆகியவை பதிவாயின. ஆனால் அந்தப் பெயரிலேயே சிக்கல் இருக்கிறது. படையில் சேர்ந்தபோது எஜமானரின் குடும்பப் பெயரைச் சொன்னவர்கள் பலர். போர் முடிந்ததும் அதை உதறிவிட்டுத் தகப்பன் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ராணுவப் பட்டியலில் ஒருவர், 1870 கணக்கெடுப்பில் வேறொருவர் என்றாகிவிடுகிறது. இருவரும் ஒருவரே என்று எப்படி அறிவது?

அதற்கு விடை தருபவை ஓய்வூதியக் கோப்புகள். வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் இவற்றைப் பாதுகாக்கிறது. 1862ஆம் ஆண்டுச் சட்டம் காயமுற்ற வீரர்களுக்கும், போரில் இறந்தவர்களின் விதவைகளுக்கும் ஓய்வூதியம் வழங்கியது. விதவை என்றால் திருமணச் சான்று வேண்டும். அடிமைகளின் திருமணத்தைத்தான் சட்டம் ஏற்றதே இல்லையே! அதனால் 1864இல் சட்டத்தைத் திருத்தி, கணவன் மனைவியாக வாழ்ந்ததற்குச் சாட்சிகள் இருந்தால் போதும் என்றார்கள்.

அந்தச் சாட்சியங்கள்தாம் நமக்குப் புதையல். சந்தேகம் எழுந்த இடங்களுக்கெல்லாம் அரசு விசாரணை அதிகாரிகளை அனுப்பியது. ஒரே பண்ணையில் உழைத்தவர்கள், பிரசவம் பார்த்தவர்கள், கூடப் போரிட்டவர்கள், சில வேளைகளில் பழைய எஜமானரே வந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். எந்த எஜமானர் யாரை யாரிடம் விற்றார், எந்தப் பிள்ளை எங்கே பிறந்தது என்பதெல்லாம் எழுத்தில் ஏறியது. வெள்ளையின விதவை ஒரு திருமணச் சான்றிதழோடு முடித்துக்கொண்ட காரியத்துக்குக் கறுப்பின விதவை தன் வாழ்க்கை முழுவதையும் அந்நியர் முன் விரித்துக் காட்ட வேண்டியிருந்தது. இது அநீதி. அந்த அநீதி விட்டுச்சென்ற தாள்களில்தான் ஒரு மக்களின் குடும்ப வரலாறு தங்கியிருக்கிறது.

ஹாரியட் டப்மனையே எடுத்துக்கொள்வோம். அடிமைத் தளையிலிருந்து தப்பி, திரும்பத் திரும்பத் தெற்கே போய்ப் பலரை மீட்டுவந்த அதே டப்மன்தான். போரில் வடபுலப் படைக்குத் தாதியாகவும் ஒற்றராகவும் உழைத்தவர். அவருடைய இரண்டாவது கணவர் நெல்சன் டேவிஸ், கறுப்பினப் படையின் 8ஆம் காலாட்படைப் பிரிவில் இருந்தவர். 1869இல் நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் நகரில் திருமணம். 1888இல் அவர் இறந்தார். 1890இல் புதிய ஓய்வூதியச் சட்டம் வந்ததும் டப்மன் மனுச் செய்தார். ராணுவப் பதிவிலோ ‘நெல்சன் சார்ல்ஸ்’ என்று இருந்தது. சார்ல்ஸ் என்பது எஜமானரின் பெயர், டேவிஸ் என்பது தகப்பனின் பெயர் என்று டப்மன் வாக்குமூலம் தர வேண்டியதாயிற்று. 1895இல் மாதம் 8 டாலர் கிடைத்தது. 1899இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அதை 20 டாலராக உயர்த்தியது. நாடறிந்த பெண்ணுக்கே இத்தனை ஆண்டு இழுபறி என்றால், பெயர் தெரியாத கைம்பெண்கள் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள்.

தென்புலத்துக்காகப் போரிட்டவர்களுக்கு வாஷிங்டன் அப்போது ஓய்வூதியம் தரவில்லை. அந்தந்தத் தென் மாநிலங்களே பின்னாளில் கொடுத்தன. அவர்களின் தாள்களை மாநில ஆவணக் காப்பகங்களில்தான் தேட வேண்டும்.

வடபுல வீரர்களின் ஓய்வூதியக் கோப்புகளில் பெரும்பகுதி இன்னும் கணினியில் ஏறவில்லை. பெயர்ப்பட்டியலைப் பார்த்துவிட்டு, கோப்பைக் காப்பகத்தில் கேட்டு வாங்கித்தான் படிக்க வேண்டும். அமெரிக்காவில் வாழும் நம் வாசகர்களின் நண்பர்களோ சம்பந்திகளோ இப்படி ஒரு மூதாதையைத் தேடிக்கொண்டிருந்தால் ஒன்று சொல்லுங்கள்: வீரனின் பெயர் கிடைக்கவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம், அவன் மனைவியின் பெயரிலிருந்து தொடங்கட்டும்.

(தொடரும்)