அரட்டை (செயலி)

அரட்டை, ஜோஹோ நிறுவனம் உருவாக்கிய செய்திப் பரிமாற்றச் செயலி. புதிய சமூகச் செயலி ஒன்று எப்படித் திடீரென்று கூட்டம் சேர்க்கிறது, அந்தக் கூட்டம் ஏன் தங்குவதில்லை என்ற இரு கேள்விகளுக்கும் தமிழ்நாட்டிலிருந்து கிடைக்கும் ஆகச் சிறந்த சான்று இதுதான்.

2021 ஜனவரியில் அரட்டை சத்தமில்லாமல் வெளிவந்தது. வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்து எதிர்ப்பைச் சம்பாதித்த மாதம் அது. ஆனால் கோபப்பட்டவர்கள் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் போனார்கள். அடுத்த நான்கரை ஆண்டுகள் அரட்டையைச் சீண்டுவாரில்லை.

2025 செப்டம்பரில் காட்சி மாறியது. அமெரிக்காவின் இறக்குமதி வரிக்குப் பிறகு சுதேசிப் பேச்சு வலுத்திருந்தது. பிரதமர் உள்நாட்டுப் பொருள்களை வாங்கச் சொன்னார். மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஜோஹோவின் அலுவலக மென்பொருள்களுக்கு மாறுவதாக அறிவித்தார். தர்மேந்திர பிரதான் அரட்டையையே பரிந்துரைத்தார். நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாளில் 3,50,000 ஆனதாக ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். ஆப் ஸ்டோரின் சமூக வலைப்பின்னல் பட்டியலில் அரட்டை முதலிடம் பிடித்தது. கூட்டம் தாங்காமல் ஓடிபி வரத் தாமதமானது. சர்வர்கள் அவசரமாகக் கூட்டப்பட்டன.

இத்தகைய எழுச்சிகளைச் செயலியின் தரத்தைவிட வெளிச் சூழலே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டதும், ஷேர்சாட் நிறுவனம் சில நாள்களுக்குள் மோஜ் செயலியை இறக்கி, காலியான இடத்தைப் பிடித்தது. 2023 ஜூலையில் வந்த த்ரெட்ஸ், இன்ஸ்டாகிராம் கணக்கை அப்படியே பயன்படுத்த விட்டதால், ஐந்தே நாளில் 10 கோடிப் பேரைச் சேர்த்தது. ட்விட்டருக்கும் மத்திய அரசுக்கும் 2021இல் மூண்ட மோதலில் வளர்ந்த கூ என்ற செயலி, அரட்டைக்கு நெருங்கிய உறவு. அது 2024 ஜூலையில் மூடப்பட்டது.

அரட்டைக்குக் காலியிடமும் கிடைக்கவில்லை, இரவல் கணக்குகளும் இல்லை. வாட்ஸ்அப் அதே இடத்தில் அசையாமல் இருந்தது. வீடியோ பார்ப்பவர் தனியாக இடம் மாறலாம். பேசுகிறவர் மாற முடியாது. முகப்பேரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். சங்கக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, தண்ணீர் லாரிக்காரர், வெளிநாட்டிலிருக்கும் மகள் என எல்லாரும் வாட்ஸ்அப்பில்தான். அரட்டையைத் தரவிறக்கியவர் நாலு பேருக்கு வணக்கம் அனுப்பிவிட்டு, அன்று மாலையே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவார். ஆர்வத்தில் குறையில்லை, பேச ஆள் இல்லை. ஆகவே தரவிறக்க எண்ணிக்கையைப் பயனர் எண்ணிக்கையாக வாசிப்பது தவறு. ஆப் ஸ்டோர் தரவரிசையும் அண்மைய தரவிறக்கங்களின் வேகத்தைத்தான் பெரிதும் காட்டுகிறது.

ஃபேஸ்புக் 2004இல் ஹார்வர்டு வளாகத்துக்குள் மட்டும் தொடங்கி, ஒவ்வொரு கல்லூரியாக நிரப்பிக்கொண்டு நகர்ந்ததன் பலன் இங்கே விளங்கும். ஒரு வளாகம் முழுதும் சேர்ந்தால், அங்கே இருப்பவருக்கு வெளியேறக் காரணமில்லை. நாடு முழுக்கத் தூவினாற்போல் வந்த ஒரு கோடிப் பேரால் அந்த அடர்த்தி வராது.

அரட்டையின் இன்னொரு குறை பாதுகாப்பு. அழைப்புகளுக்கு இருந்த முழுக் குறியாக்கம், எழுச்சியின்போது வழக்கமான எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. நவம்பரில் பெரிய வெளியீடு ஒன்றைத் திட்டமிட்டிருந்ததாகவும், அதற்குள் எண்ணிக்கை எகிறிவிட்டதாகவும் வேம்பு சொன்னார். நவம்பர் தொடக்கத்தில் அரட்டை தரவிறக்கப் பட்டியல்களின் முதல் 100 இடங்களிலிருந்து இறங்கியிருந்தது. தனி உரையாடல்களுக்கான குறியாக்கம் அதே மாதம்தான் வந்தது.