'இம்பீரியல்' என்னும் அடைமொழி

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நாட்டில் எழுந்த நிறுவனங்கள் பலவற்றின் பெயர்ப் பலகையில் 'இம்பீரியல்' என்ற சொல் முன்னின்றது. ஆணை, அதிகாரம் எனப் பொருள்படும் 'இம்பீரியம்' என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். அகராதியைப் புரட்டுவோர் 'பேரரசுக்குரிய' என்று பொருள் கொள்வர். ஆயின் அரசாங்கக் கோப்புகளில் அச்சொல் வேறொரு பணியையும் செய்தது. 1870இல் மேயோ பிரபு காவல், சிறை, கல்வி முதலிய சில துறைகளின் செலவை மாகாணங்களிடம் ஒப்படைத்தார். மாகாணத்துக்கு உரியது 'புரொவின்ஷியல்', இந்திய அரசாங்கத்துக்கு உரியது 'இம்பீரியல்' எனக் கணக்குப் பிரிந்தது. நாம் இன்று 'மத்திய' என்று சொல்லும் இடத்தில் அன்று அச்சொல் நின்றது. இதனைக் கருதாது எங்கும் 'பேரரசு' என்றே மொழிபெயர்ப்பது பொருந்தாது என்பது என் கருத்து.

அச்சொல் விலகிய விதமும் சுவையானதே. வங்கம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாண வங்கிகள் 1921இல் இணைந்து உருவான இம்பீரியல் பாங்கு, 1955 ஜூலை 1இல் ஸ்டேட் பாங்கு ஆயிற்று. கல்கத்தாவின் இம்பீரியல் நூலகமோ 1948இல் தேசிய நூலகம் எனப் பெயர் பெற்றது.

வேளாண் துறையில் அவ்விடத்தில் 'இந்தியன்' வந்து அமர்ந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே. ஆகவே சுருக்கப் பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை! கரோல்பாக்கில் நெடுநாள் குடியிருக்கும் நம்மவர் 'பூசா' என்று மட்டுமே சொல்லும் அந்த ஆராய்ச்சிக் கழகம், 1905இல் பீகாரின் பூசா என்ற சிற்றூரில் தோன்றியது. கர்சன் பிரபுவிடம் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அளித்த 30,000 பவுன் அதற்கு உதவிற்று. பின்னாளில் 'இம்பீரியல்' எனப் பெயர் சூடிய கழகத்துக்கு அடித்தளம் இட்டது அயல்நாட்டார் பணம். (அவர் பெயரையும் நாட்டின் பெயரையும் ஒட்டியே 'பூசா' பிறந்தது என்று கதை சொல்வாரும் உளர். ஊர்ப்பெயர் அவருக்கு மிக முந்தியது.)

1934 ஜனவரி 15இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் அங்கிருந்த கட்டடம் பாழ்பட, 1936இல் கழகம் புது தில்லிக்குக் குடிபெயர்ந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1960களில் அதன் இயக்குநராக விளங்கியபோது பெயரில் 'இம்பீரியல்' இல்லை. பீகார்ச் சிற்றூரின் பெயரோ தலைநகரின் சாலையிலும், அங்கு உருவான நெல் வகைகளின் பெயரிலும் இன்றளவும் வழங்குகிறது.